இரைச்சலுக்கு ஒரு திருகு

காரைக்குடியில் சினிமா எடுத்தார்கள் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள், "ஆமாம், செட்டிநாட்டு வீடுகளில்தான் எப்போதும் ஷூட்டிங் நடக்கிறதே" என்பார்கள். நான் சொல்வது அது இல்லை. இங்கே ஒரு ஸ்டுடியோவே இருந்தது. 1946ல் ஏ.வி.மெய்யப்ப செட்டியார் ஊருக்கு வெளியே தேவகோட்டை ரஸ்தாவில் இடம் பிடித்து ஏவி.எம். ஸ்டுடியோவை நடத்தினார். யுத்த காலத்தில் சென்னையில் மின்சார இணைப்பு கிடைப்பது கஷ்டமாக இருந்ததால் சொந்த ஊருக்கே வந்துவிட்டார் என்று சொல்வார்கள். 1947 பொங்கலுக்கு வெளிவந்த 'நாம் இருவர்' இங்கே எடுத்ததுதான். மறு வருஷம் வந்த 'வேதாள உலகம்' படமும் அப்படியே. 1948ல் ஸ்டுடியோ கோடம்பாக்கம் பக்கம் போய்விட்டது. நான் காரைக்காலிலிருந்து மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தபோது, அதைப் பார்த்த பெரியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். இப்போது அனேகமாக யாரும் இல்லை.

செட்டியார் சினிமாவுக்கு வந்ததே ஒலி வழியாகத்தான். தகப்பனார் ஆவிச்சி செட்டியாரின் 'ஏ.வி. அண்டு சன்ஸ்' கடையில் இசைத்தட்டு விற்றார்கள். பிறகு சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்று சென்னையில் இசைத்தட்டு வியாபாரமே பெரிதாக நடந்தது. படத்தில் முகம் சரியாக இருந்து குரல் சரியில்லை என்றால் அவருக்குப் பொறுக்காது. 1938ல் 'நந்தகுமார்' படத்தில் லலிதா வெங்கட்ராமன் பாட, திரையில் வேறொருவர் வாயசைத்தார். தமிழில் பின்னணிக் குரலுக்கு அதுதான் ஆரம்பம் என்று சொல்வோர் உண்டு. 1944ல் கன்னட 'ஹரிச்சந்திரா'வுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து வெளியிட்டார். 1945ல் 'ஸ்ரீவள்ளி' படத்தை எடுத்து முடித்தபின் கதாநாயகி ருக்மிணியின் பாட்டு திருப்தியாக இல்லை என்று, பி.ஏ.பெரியநாயகியைப் பாடவைத்து அந்த இடத்தில் சேர்த்தார். படம் சக்கைப்போடு போட்டது. 'நாம் இருவர்' படத்தில் ஆடியது குமாரி கமலா, பாடியது டி.கே.பட்டம்மாள் என்பது ஊருக்கே தெரியும். யாரும் ஏமாந்ததாக நினைக்கவில்லை. அசல் குரலா மாற்றுக் குரலா என்ற வழக்கை ஜனங்கள் அன்றே தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் சினிமாவின் ஒலியும் பிலிமில்தான் பதிவாகும். சத்தம் மின்சாரமாகி, மின்சாரம் ஒளியாகி, அந்த ஒளி பிலிம் ஓரத்தில் கோடாக விழும். அதை லேபில் கழுவி எடுக்க வேண்டும். பாட்டு எப்படி வந்திருக்கிறது என்று பாடி முடித்த உடனே போட்டுக் கேட்க முடியாது. பாடகர், வீணை, வயலின், தபலா எல்லோரும் மைக்கைச் சுற்றி நிற்பார்கள். யார் சத்தம் கூடினாலும் அவரைப் பின்னால் தள்ளி நிற்கச் சொல்வதுதான் அன்றைய மிக்ஸிங். பிலிமில் தூசு விழுந்தாலும் கீறல் விழுந்தாலும் அதுவும் சத்தமாகவே கேட்கும். கொட்டகையில் பத்து நாள் ஓடிய பிரிண்டில் மழை பெய்வது போல ஒரு இரைச்சல் இருக்கும். சின்ன வயதில் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், என் தங்கை பேரன். எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து மடிக்கணினியிலேயே குறும்படங்களுக்கும் கோயில் பக்திப் பாடல்களுக்கும் மிக்ஸிங் செய்கிறான். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய டேப் இயந்திரத்தின் படம். சக்கரங்கள் சுற்றுகின்றன, முள் ஆடுகிறது.

"இது என்னடா?"

"தாத்தா, இது லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோல இருந்த ஸ்டூடர் ஜே37. மெஷின் இல்ல, சாஃப்ட்வேர். பாட்டை இதுக்குள்ள விட்டா அந்த டேப்ல பதிஞ்ச மாதிரி வரும்."

பீட்டில்ஸ் குழுவினர் 1967ல் 'சார்ஜண்ட் பெப்பர்' பதிவு செய்தது அந்த வகை இயந்திரத்தில்தான். வேவ்ஸ் என்ற இஸ்ரேல் கம்பெனி 2013ல் அதன் மென்பொருள் நகலை வெளியிட்டது. அதில் வரிசையாகத் திருகுகள். ஒன்று டேப் வேகம் தள்ளாடுவதற்கு. இன்னொன்று நடுங்குவதற்கு. மூன்றாவது இரைச்சலுக்கு. வலப்பக்கம் திருப்பினால் இரைச்சல் கூடும்.

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. நூறு வருஷமாக எத்தனை இஞ்சினியர்கள் இந்த இரைச்சலை ஒழிக்க மண்டையை உடைத்துக்கொண்டார்கள்! அதில் ஒருவருடைய கதை நம் தேசத்திலேயே நடந்தது. ரே டால்பி என்ற அமெரிக்கர் 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக சண்டிகரில் இருந்தார். அங்கே மத்திய விஞ்ஞானக் கருவிகள் நிலையத்தை உருவாக்க உதவ வந்தவர். நம் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் (சிக்ரி) எந்த சி.எஸ்.ஐ.ஆர். குடும்பமோ, அதுவும் அதே குடும்பம். ஓய்வு நேரத்தில் நம் சங்கீதத்தை டேப்பில் பதிவு செய்தார். டேப்பின் 'உஸ்' சத்தத்தை எப்படி அடக்குவது என்ற யோசனை அவருக்கு வடிவம் பெற்றது அந்த நாட்களில்தான். 1965ல் லண்டனில் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். பின்னாளில் கேசட் டெக்குகளில் எல்லாம் 'டால்பி' என்று ஒரு பொத்தான் இருந்ததே, அது அவர் பெயர். இரைச்சலை அடக்கப் பொத்தான் கண்டுபிடித்தவர் ஒரு பக்கம். ஐம்பது வருஷம் கழித்து அதே இரைச்சலைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்க்க ஒரு திருகு. கிழவனுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

பேரனுக்குக் கோபம். அவன் தரப்பையும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் பதிவாகும் ஒலி துடைத்து வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருக்கிறது, காதுக்கு ஒட்டவில்லை, டேப்பும் வால்வும் சத்தத்தின் கூர் முனைகளை லேசாக மழுக்கும், அந்த மழுங்கலைத்தான் இனிமை என்கிறோம் என்றான். அது உண்மைதான். டேப்பில் அளவுக்கு மேல் சத்தம் போனால் ஒரேயடியாக உடையாது. கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்து, கூடவே புதிய மேல்சுரங்கள் சேரும். டிஜிட்டலில் எல்லை தாண்டினால் சட்டென்று வெட்டு விழும். இந்த வித்தியாசம் கற்பனை இல்லை.

சரி, நகல் அசல் மாதிரியே இருக்கிறதா? முப்பத்தைந்து வருஷம் "உண்மை நகல்" என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியவன் என்பதால் எனக்கு முதலில் வரும் கேள்வி வேறு: எந்த அசலின் நகல்? ஒரே மாடல் இயந்திரம் இரண்டு இருந்தால் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்காது. வால்வு தேயும். கெபாசிட்டர் காயும். டேப் ஹெட் அரையும். மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தை எடுத்து, அதன் சர்க்யூட்டைக் கணக்காக மாற்றி, உள்ளே அனுப்பியதையும் வெளியே வந்ததையும் அளந்து ஒப்பிட்டுச் சரி செய்கிறார்கள். ஆக அது அந்த ஒரு பெட்டியின், அந்த ஒரு பருவத்தின் நகல். பக்கத்து அறைப் பெட்டிக்கு அது உண்மை நகல் ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டு நகலைக் கண்டுபிடித்துவிட்டேன் என்கிறவர்களிடம், இரண்டு அசல்களைக் கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இன்னும் கொஞ்சம் தோண்டினால் வேடிக்கை கூடுகிறது. பாட்டுக்குப் பெரிய மண்டபத்தின் எதிரொலி வேண்டும் என்று ஆசை. ஸ்டுடியோவில் மண்டபம் கிடையாது. 'நாம் இருவர்' வந்த அதே 1947ல் அமெரிக்காவில் பில் புட்னம் என்ற ஒலிப்பதிவாளர் குளியலறையில் ஒலிபெருக்கியும் மைக்கும் வைத்து, ஹார்மோனிகாட்ஸ் குழுவின் பாட்டுக்கு எதிரொலி சேர்த்தார். தட்டு விற்றுத் தீர்ந்தது. பிறகு ஸ்டுடியோக்கள் இதற்கென்றே வெறும் அறைகள் கட்டின. அறைக்கு இடம் போதவில்லை என்று 1957ல் ஜெர்மனியின் இ.எம்.டி. கம்பெனி ஒரு இயந்திரம் கொண்டுவந்தது. இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரத்தில் மெல்லிய எஃகுத் தகடு. அதை மரப்பெட்டிக்குள் தொங்கவிட்டு அதிர வைப்பார்கள். எடை இருநூற்றைம்பது கிலோவுக்கு மேல். இப்போது அந்தத் தகடும் மென்பொருளாகிவிட்டது. மண்டபத்துக்குப் பதில் குளியலறை, குளியலறைக்குப் பதில் தகடு, தகட்டுக்குப் பதில் கணக்கு. "அந்த அசல் தகட்டின் சத்தம் வருமா" என்று இன்று ஏங்குகிறவர்கள், அந்தத் தகடே ஒரு போலி மண்டபம் என்பதை மறந்துவிடுகிறார்கள். புட்னம் பின்னாளில் செய்த கம்ப்ரஸர் உலகப் புகழ் பெற்றது. அவருடைய பிள்ளைகள் 1999ல் அப்பாவின் யூனிவர்சல் ஆடியோ கம்பெனியை மறுபடி ஆரம்பித்து, அப்பாவின் பெட்டிகளைப் பெட்டியாகவும் விற்கிறார்கள், மென்பொருளாகவும் விற்கிறார்கள். எது வாங்கினாலும் வீட்டுக்குள்தான் வருகிறது பணம்.

போன மாசி மாதம் பேரன் எங்கள் தெருக்கோடி ஆச்சி வீட்டு வளவில் பலூன் ஊதி ஊதி உடைத்தான். வளவு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு: நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றித் தாழ்வாரம், பர்மா தேக்குத் தூண்கள், கீழே ஆத்தங்குடிக் கல், சுவரில் கண்ணாடி போன்ற சுண்ணாம்புப் பூச்சு. பலூன் சத்தம் அந்தச் சுவர்களில் பட்டு அடங்குவதைப் பதிவு செய்துகொண்டால், எந்தப் பாட்டையும் அந்த வளவுக்குள் பாடியதாக ஒலிக்க வைக்கலாமாம். நான் கேட்டேன், மாடியறையில் பதிவான திருப்புகழ் வளவுக்குள் வந்து உட்கார்ந்தது. இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பங்காளி தகராறிலும் பராமரிப்பு இல்லாமலும் வருஷா வருஷம் இங்கே வீடுகளை இடித்துத் தூணையும் கதவையும் விற்கிறார்கள். போகிற வீட்டின் சத்தமாவது மிஞ்சும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. உண்மையான இயந்திரங்கள் பேரன் ஆயுசுக்கும் வாங்க முடியாதவை. இங்கே அவற்றைப் பழுதுபார்க்க ஆளும் இல்லை. அன்று செட்டியார் சென்னையில் ஆகாததைக் காரைக்குடியில் செய்ய வேண்டியிருந்தது. இன்று இவன் சென்னைக்குப் போகாமலே தொழில் செய்கிறான். இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இதற்கு வேறொரு பக்கமும் உண்டு. 1986ல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டரை இசையில் சேர்த்தார். 1989ல் ஏ.ஆர்.ரஹ்மான் வீட்டோடு ஸ்டுடியோ வைத்தார். 1992ல் 'ரோஜா' வந்தது. அதற்கப்புறம் வாத்தியத்தின் சத்தமே நகலாகக் கிடைக்க ஆரம்பித்து, கோடம்பாக்கத்தில் வயலின் பெட்டியோடு காத்திருந்தவர்கள் குறைந்துபோனார்கள். இயந்திரத்தின் நகலைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள், மனிதர்களின் நகலைப் பற்றி இத்தனை சத்தம் போடவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். அந்த ஆச்சிக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. பலூன் உடைத்த அன்று பேரனைக் கூப்பிட்டு, ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார்கள். ஐந்து அங்குல ஸ்பூல் டேப் நான்கு.

"தம்பி, இதுல எங்க வீட்டுச் செட்டியார் பேசியிருக்காக. பினாங்குக் கடையில இருந்து காகிதத்துக்குப் பதிலா இதை அனுப்புவாக. மெஷினு கெட்டு நாப்பது வருசமாச்சு. ஒன்கிட்டதான் டேப்பு மெஷினு இருக்காமுல்ல?"

பேரன் என்னைப் பார்த்தான். வெளியே வந்ததும் சொன்னான்: "தாத்தா, என்கிட்ட இருக்கிறது எதையும் டேப் மாதிரி கேக்க வைக்கும். ஒரு டேப்பைக் கேக்க வைக்காது."

ஆயிரம் விவாதம் செய்தாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. மென்பொருளில் சக்கரம் சுற்றுகிறது. ஆனால் அதில் ஸ்பூல் மாட்ட ஆணி இல்லை.

ஆச்சியின் இயந்திரத்தைத் திறந்தால் உள்ளே ரப்பர் பெல்ட் தார் போல உருகி ஒட்டியிருந்தது. மதுரையில் என்னைவிட மூத்த ரேடியோ மெக்கானிக் ஒருவர், "மோட்டார் நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னபோதுதான் எங்களுக்கு உயிர் வந்தது. கெபாசிட்டர்கள் மாற்றி, பெல்ட் ஒன்று எப்படியோ தேடிப்போட்டு, ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு மாதம் ஆயிற்று. முதல் ஸ்பூலைப் போட்டோம். பேரன் கம்ப்யூட்டரோடு இணைத்துக்கொண்டான். முதலில் 'உஸ்' என்ற இரைச்சல், அப்புறம் ஒரு கனைப்பு, அப்புறம் பேச்சு. அரிசி விலை, கணக்குப்பிள்ளை கல்யாணம், பிள்ளையார் நோன்புக்கு வர முடியாதது, மூத்த பையனுக்குக் கணக்குப் பாடம் வராதது.

பேரன் வீட்டில் உட்கார்ந்து இரைச்சலை நீக்கி, பளிச்சென்று ஒரு பதிப்புத் தயாரித்தான். மென்பொருள் வேலையில் அது உண்மையிலேயே அருமை. சொல்லுக்குச் சொல் புரிந்தது. ஆச்சி கேட்டார்கள். பாதியில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்கள்.

"பேச்சு அவுகதான். கடிகாரம் எங்க?"

கடையில் ஒரு சுவர்க்கடிகாரம் இருந்ததாம். ஒவ்வொரு டேப்பிலும் பின்னால் 'டிக் டிக்' என்று கேட்குமாம். பேரன் ஓடிப்போய் முதல் பதிவைக் கொண்டுவந்து போட்டான். இருந்தது. பழைய டேப்பில் விழும் 'டக்' சத்தங்களை எடுக்கும் மென்பொருள், கடிகாரத்தையும் கீறல் என்று நினைத்து எடுத்துவிட்டிருந்தது. ஆச்சி இரைச்சலோடேயே கடைசிவரை கேட்டார்கள். இப்போது பேரன் இரண்டு பதிப்பும் வைத்திருக்கிறான். துடைக்காததைத்தான் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு அனுப்பினான்.

கருவியே இல்லாமல் மென்பொருள் மட்டும் ஒரு பழைய குரலை எழுப்பிய கதையும் உண்டு. எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் சின்ன வகுப்பிலேயே 'ஓ க்ளேர் த லா லூன்' பாட்டைப் பாடவைப்பார்கள். பாரிசில் எதுவார் லெயோன் ஸ்கோட் என்பவர் 1857ல் ஒரு கருவி செய்தார். புகைக்கரி படிந்த காகிதத்தில் குரலின் அலையைக் கோடாக வரையும். எடிசனுக்கு இருபது வருஷம் முந்தியது. ஆனால் வரையத்தான் தெரியும், திருப்பிப் பாடத் தெரியாது. 1860 ஏப்ரலில் அவர் இந்தப் பாட்டின் ஒரு துண்டை வரைந்து வைத்தார். 2008ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அந்தக் காகிதத்தை நுணுக்கமாகப் படம் எடுத்து, கம்ப்யூட்டர் மூலம் ஒலியாக்கினார்கள். பெண் குரல் என்று உலகமே கேட்டது. அடுத்த வருஷம், வேகத்தை இரட்டிப்பாக வைத்துவிட்டோம், இது ஆண் குரல், ஸ்கோட்டே பாடியிருக்கலாம் என்று திருத்தினார்கள். முதல் வகுப்பில் மெதுவாகப் பாடிய பாட்டு எனக்கு அப்படியே கேட்டது.

கரிக்கோடு கண்ணுக்குத் தெரியும், படம் எடுக்கலாம். டேப்பில் பார்க்க ஒன்றும் இல்லை. பழுப்பு நிற நாடா, அவ்வளவுதான். ஹெட்டும் மோட்டாரும் அதைச் சரிபார்க்கத் தெரிந்த ஆளும் வேண்டும். யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி ஆவணக்காப்பாளர் சங்கமும் 2020ல் வெளியிட்ட அறிக்கையில் இதைத்தான் எச்சரித்தார்கள். டேப்பை வாசிக்கும் இயந்திரங்களும் உதிரி பாகங்களும் அருகிவருகின்றன, 2025ஐ ஒட்டி வழக்கமான முறையில் வாசிப்பதே கஷ்டமாகிவிடும் என்பது அதன் சாரம். அந்த வருஷம் வந்தே விட்டது.

நம் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில், எனாமல் தூக்குச்சட்டிக்கும் ரவிவர்மா படத்துக்கும் நடுவே ஸ்பூல் ரிக்கார்டர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஹோட்டல்காரர்கள் அலங்காரத்துக்கு வாங்குகிறார்கள். மலேயா, சிலோன், பர்மா, சைகோன் என்று போய்வந்த வீடுகள் இவை. எத்தனை பிஸ்கட் டின்களில் எத்தனை குரல்கள் கிடக்கின்றனவோ. வைத்திருப்பவர்கள் இரும்புப் பெட்டிக்குள் போட்டுக் காந்தத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஸ்பூலைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள். மூக்கில் புளிக்காடி வாசம் அடித்தால் அது அசிடேட் டேப், கெட ஆரம்பித்துவிட்டது. அதை முதலில் கொடுங்கள். மெஷின் ஓடுகிறதா என்று பார்க்க அந்த டேப்பையே போட்டுப் பார்க்காதீர்கள்; உபயோகமில்லாத வேறு டேப்பைப் போடுங்கள். ஓடவில்லை என்றாலும் மெஷினை விற்காதீர்கள்.

ஆச்சியின் டின்னில் இன்னும் மூன்று ஸ்பூல் பாக்கி. மோட்டார் சூடாகிறது, ஒரு வாரம் பொறுங்கள் என்று மதுரைப் பெரியவர் சொல்லியிருக்கிறார்.